பழைய வீட்டுச் சுவரில் டி.வி. மாட்டுகிறோம், வயர்களை எங்கே ஒளிப்பது?

கீழக்கரை வாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் 55 அங்குல டி.வி. ஒன்றைச் சுவரில் மாட்டப் போகிறோம். காக்கா (அண்ணன்) அடுத்த மாதம் சவூதியிலிருந்து வருகிறார், அதற்குள் முடிக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. டி.வி. வந்துவிட்டது, பிராக்கெட்டும் வந்துவிட்டது. மீதி இருப்பது வயர் விவகாரம். கரண்ட் வயர் ஒன்று, மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒரு எச்.டி.எம்.ஐ., சவுண்ட்பாருக்கு இன்னொன்று. பழைய டி.வி. மேசைமேல் இருந்தவரை எல்லாம் பின்னால் சுருண்டு கிடந்தன, யார் கண்ணிலும் படவில்லை. சுவரில் ஏற்றினால் ஆலமர விழுது மாதிரி தொங்கும்.

சுவர் ஒன்றரை அடி கனம். மேலே கெட்டியான பூச்சு. பிளக் பாயிண்ட், டி.வி. வரும் இடத்திலிருந்து நாலு அடி தள்ளித் தரையோரம் இருக்கிறது. எலக்ட்ரீஷியன், "சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி உள்ளே போட்டுவிடலாம், அரை நாள் வேலை" என்கிறார். ஆசாரி, "ஒரு பேனல் அடித்தால் எல்லாம் அதற்குள் போய்விடும்" என்கிறார். உம்மா, சுவரில் உளியே படக்கூடாது என்கிறார். யூடியூபில் பார்த்தால் எல்லாம் உள்ளே பொள்ளலான அட்டைச் சுவர். மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை, வயரை விட்டால் வந்துவிடுகிறது. நமக்கு அது எங்கே வாய்க்கும்? யார் சொல்வதைக் கேட்கலாம்?

பழைய வயர்மேன்

தம்பி, காடி வெட்டுவதுதான் நேர்த்தி. ஆனால் அரை நாள் வேலை என்று சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. வெட்டுவது அரை நாள், அடைத்துப் பூசி ஈரம் காய்ந்து பெயிண்ட் அடிக்க இரண்டு வாரம்.

முதல் விஷயம், டி.வி.யோடு வரும் கரண்ட் வயரை அப்படியே பூச்சுக்குள் புதைக்காதீர்கள். அது சுவருக்குள் இருப்பதற்காகச் செய்த வயர் இல்லை. டி.வி.க்குப் பின்னாலேயே ஒரு 6 ஆம்பியர் சாக்கெட் வைத்து, அதற்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயரை எர்த்தோடு சேர்த்து பி.வி.சி. பைப்பில் கொண்டு போங்கள். 55 அங்குல டி.வி. ஒரு ஆம்பியர்கூட இழுக்காது, ஆகவே லோடு பற்றிக் கவலை வேண்டாம். சாக்கெட்டை பிராக்கெட்டுக்கு நேர் பின்னால் வைத்துவிடாதீர்கள். ஒட்டி மாட்டும் பிராக்கெட்டில் சுவருக்கும் டி.வி.க்கும் இடையே ஓர் அங்குலம்தான் கிடைக்கும், பிளக் மாட்டினால் முட்டும். பக்கவாட்டில் தள்ளி, உள்ளே பதியும் பெட்டியாக வையுங்கள்.

இரண்டாவது, சிக்னல் கேபிள்களுக்குத் தனி பைப். கரண்ட் போகும் பைப்பில் எச்.டி.எம்.ஐ.யையும் டிஷ் கேபிளையும் திணிக்கவே கூடாது.

மூன்றாவது, வெட்டினால் செங்குத்தாக வெட்டுங்கள். சுவர் நடுவே படுக்கைவாட்டிலோ குறுக்காகவோ வேண்டாம். செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேலும் போகக் கூடாது என்பது கட்டுமான விதி. நாலரை அங்குலச் சுவரில் படுக்கைவாட்டில் வெட்டினால் முக்கால் அங்குலத்தோடு நிறுத்த வேண்டும், அதில் பைப் எங்கே நுழையும்? அதோடு, சாக்கெட்டுக்கு நேர் மேலே அல்லது நேர் கீழே வயர் போகும் என்று பின்னால் ஆணி அடிப்பவன் ஊகிப்பான். குறுக்கே போகும் என்று எவன் நினைப்பான்?

நாலு அடி தள்ளி இருக்கும் பாயிண்டிலிருந்து குறுக்காகப் போகாமல், தரையோரமாகவே வந்து டி.வி.க்கு நேர் கீழே மேலே ஏறுங்கள். பூசுவதற்கு முன் அளவு டேப்பை வைத்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

துபாய் ரிட்டர்ன்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. 25 மி.மீ. பைப் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். அதன் உள்விட்டம் 21, 22 மி.மீ. தான். எச்.டி.எம்.ஐ. தலை 20 மி.மீ. அகலம், 11 மி.மீ. கனம் இருக்கிறது. மூலைக்கு மூலை அளந்தால் 22ஐத் தாண்டிவிடும். கேபிளே உள்ளே போகவில்லை. கொத்தனார் பூச நின்றுகொண்டிருந்தார், நானும் அவசரத்தில் பைப்பே இல்லாமல் கேபிளை நேராகக் காடிக்குள் வைத்துப் பூசச் சொல்லிவிட்டேன்.

இரண்டு வருடத்தில் படம் விட்டு விட்டு வந்தது. பிறகு புதிய டி.வி. வாங்கினேன், அதற்கு அந்தப் பழைய கேபிள் போதவில்லை. இப்போது சுவருக்குள் ஒரு செத்த கேபிள் நிரந்தரமாக அடக்கம் ஆகியிருக்கிறது, வெளியே புதியது ஒன்று தொங்குகிறது. குறைந்தது 40 மி.மீ. பைப் போடுங்கள், முடிந்தால் 50. முழங்கை வளைவு வேண்டாம், நீண்ட வளைவு. உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள், நாளைக்கு இன்னொரு கேபிளை இழுக்கலாம். ஐந்து மீட்டருக்குள் என்றால் சாதாரணக் கேபிளிலேயே 4கே வரும். அதற்கு மேல் நீளம் போனால் கொஞ்சம் செலவழித்து ஆப்டிகல் (ஒளியிழை) வகை வாங்க வேண்டியிருக்கும்.

உச்சிப்புளி கொத்தனார் மகன்

எல்லாம் சரி. ஆனால் யாரும் சுவர் என்ன சுவர் என்று கேட்கவில்லையே. நம் கரையில் அதுதான் முதல் கேள்வி.

வாசி அண்ணே, டி.வி. மறைக்கப் போகும் இடத்திலேயே சின்னதாக ஒரு துளை போட்டுப் பாருங்கள், 6 மி.மீ. பிட் போதும். தூள் சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் வந்து, திடீரென்று பிட் வழுக்கி உள்ளே ஓடினால் ஹாலோ பிளாக். சாம்பல் நிறத்தில் வந்து, நகரவே மாட்டேன் என்றால் தூண் அல்லது பீம், அங்கே கை வைக்கக் கூடாது. வெள்ளையாக வந்தால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.

செங்கல் என்றால் இதைக் கவனியுங்கள். காடியை அடைக்கும் கலவைக்குக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம், காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் ஆறு மாதத்தில் அந்தக் கோடு மட்டும் பூத்துப் பொரிந்து, "வயர் இங்கேதான் போகிறது" என்று விலாசம் சொல்லும். விரிசல் வராமல் இருக்க மேலே வலை வைப்பார்கள், அந்தக் கோழி வலை நம் காற்றில் துருப்பிடித்துப் பழுப்புக் கறையாக வெளியே வரும். கண்ணாடி இழை வலையாகக் கேளுங்கள். சாக்கெட் பெட்டியும் இரும்பில் வேண்டாம், பி.வி.சி.

கீழக்கரை வாசி

துளை போட்டேன். தூள் வெள்ளை. சுத்த வெள்ளை. சிப்பித் துண்டு மாதிரி ஏதோ பொடிப்பொடியாக வந்தது. முதல் ஓர் அங்குலம் கெட்டி, அப்புறம் பிட் ஒரு நேரம் சுலபமாகப் போகிறது, ஒரு நேரம் கல்லில் முட்டி நிற்கிறது.

பெரியம்மாவிடம் கேட்டேன். அப்பா காலத்து வீடு இல்லையாம், அப்பாவின் பாட்டனார் கட்டியதாம். கல்லெல்லாம் கடலில் எடுத்து வத்தைப் படகில் கொண்டுவந்தது என்றார். இத்தனை வருடம் இந்த வீட்டில் இருந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

உச்சிப்புளி கொத்தனார் மகன்

நினைத்தேன். பவளப்பாறைக் கல், சுண்ணாம்புக் காரை. கீழக்கரையிலும் கரையோர ஊர்களிலும் அந்தக் காலத்துப் பெரிய வீடுகள் நிறைய இப்படித்தான். அப்போது கடலில் கல் எடுப்பது சாதாரணம். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆயின, 2001இல் பவளப்பாறைகள் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கே போய்விட்டன. இன்றைக்கு அந்தக் கல் ஒன்று உடைந்தால் மாற்றுக் கல் வாங்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து, இந்தச் சுவரில் காடி வெட்டாதீர்கள். உம்மா சொன்னதுதான் சரி.

காரணம் இருக்கிறது. செங்கல் சுவரில் கட்டர் மெஷினை ஓட்டினால் இரண்டு நேர்க்கோடு கிடைக்கும், நடுவில் இருப்பதை உளியால் தட்டி எடுக்கலாம். இந்தச் சுவரில் கல் ஒரே அளவில் இருக்காது. ஒரு கல்லைத் தட்டினால் பக்கத்துக் கல் ஆடும். இரண்டு அங்குலக் காடி கேட்டால் எட்டு அங்குலப் பள்ளம் கிடைக்கும். பழைய காரைப்பூச்சு கல்லைவிட்டுக் கொஞ்சம் விலகி நின்றிருந்தால், அதிர்வில் பாளம் பாளமாக விழும். விரலால் தட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள், எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கே ஏற்கெனவே விட்டுப் போயிருக்கிறது.

அதைவிட முக்கியம், அடைப்பது. எலக்ட்ரீஷியன் சிமெண்டில்தான் அடைப்பார். கடல் கல்லில் உப்பு உண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, காற்றில் விட்டு, அப்படியே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். நடுவே சிமெண்ட் பட்டை ஒன்றைப் போட்டால் ஈரம் அந்த வழியாக வெளியேற முடியாமல் இரண்டு ஓரத்திலும் வரும், உப்பும் கூடவே வரும். ஓரத்துக் காரை உதிரும். மறுபடி சிமெண்ட் பூசுவீர்கள், அது இன்னும் தள்ளி உதிரும். எங்கள் அப்பா இப்படித் துரத்திக்கொண்டே போய் ஒரு சுவர் முழுக்கக் கொத்திப் பூசிய வீடு ஒன்று இருக்கிறது.

பழைய வயர்மேன்

நான் சொன்னதை இந்தச் சுவருக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். செங்கல் என்று நினைத்துச் சொன்னேன். இப்படிப்பட்ட வீடுகளில் நாங்கள் அந்தக் காலத்தில் மரப் பட்டியில்தான் வயரிங் செய்தோம், சுவருக்கு மேலேயே. அது ஏன் என்று அப்போது யோசித்ததில்லை.

கேசிங் பட்டி போடுங்கள், சுவருக்கு மேலேயே பதித்து வயரை உள்ளே மூடும் மூடி போட்ட பட்டி. 

தொண்டிக்காரன்

கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீடும் சுண்ணாம்புச் சுவர்தான். மூன்று வருடத்துக்கு முன் காடி எடுத்தோம். மெஷின் வைக்கவில்லை, சின்ன உளியால் கையால்தான். அடைத்தது சுண்ணாம்பும் மணலும். ஒன்றும் ஆகவில்லை.

உச்சிப்புளி கொத்தனார் மகன்

கையால் எடுத்து, சுண்ணாம்பில் அடைத்திருக்கிறீர்கள், அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்கு நல்ல கொத்தனார் கிடைத்திருக்கிறார். அவர் இன்னும் வேலை செய்கிறாரா? வாசி அண்ணனுக்கு அனுப்பி வையுங்கள்.

தொண்டிக்காரன்

அவர் மௌத்தாகிவிட்டார்.

கீழக்கரை வாசி

கேசிங் பட்டி என்றால் ரேஷன் கடைச் சுவர் மாதிரி தெரியுமே என்று தங்கை முகத்தைச் சுளிக்கிறாள். ஆசாரியின் பேனல் எப்படி? பிளைவுட்டில் ஐந்தடி அகலம், தரையிலிருந்து ஏழடி உயரம், பின்னால் இரண்டு அங்குல இடைவெளி என்கிறார்.

தங்கச்சிமடத்து அக்கா

தம்பி, பேனல் நாங்கள் போட்டோம். சாதாரண பிளைவுட். இரண்டு மழைக்காலம் தாங்கியது, மூன்றாவதில் அடிப்பக்கம் ஊதி, லேமினேட் வாய் பிளந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் பின்னால் கரையான் புற்று. பேனல் போடத்தான் வேண்டும் என்றால் கரையான் தின்னாத டபிள்யு.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) மாதிரி ஏதாவது பாருங்கள். தரையைத் தொடாமல் நாலு அங்குலம் மேலே நிறுத்துங்கள், மேலும் கீழும் காற்றுப் போக வழி விடுங்கள். திருகாணி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 316 என்ற ரகம் கிடைத்தால் நல்லது. உப்புக் காற்றுக்கு 304ஐவிட அது தாங்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஐப்பசி மாதம் இடி இடிக்கும்போது என்ன செய்வீர்கள்? நீங்கள் எல்லோரும் வயரை ஒளிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், அவசரத்துக்குப் பிடுங்குவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் பிளக் பேனலுக்குள்ளே, டி.வி.க்குப் பின்னால். மின்னல் வந்தது, சுவிட்சை மட்டும் அணைத்தோம். டிஷ் கேபிள் வழியாக வந்து செட்டாப் பாக்ஸையும், எச்.டி.எம்.ஐ. வழியாக டி.வி. போர்டையும் சேர்த்துச் சுட்டுவிட்டது. சுவிட்சை அணைத்தால் கரண்ட் நிற்கும், மொட்டை மாடியிலிருந்து வரும் கேபிள் அப்படியேதானே இருக்கிறது?

இப்போது டிஷ் கேபிளில் ஒரு இணைப்பை ஆள் எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். வானம் இருட்டினால் முதலில் அதைத் திருகிக் கழற்றுவேன், அப்புறம்தான் கொடியில் துணி எடுக்கப் போவேன்.

பழைய வயர்மேன்

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. டிஷ் கம்பத்துக்கு எர்த் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. ஈரம் ஏறும் பழைய சுவர் என்பதால் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டால், டி.வி.க்கு முன்னால் அதைப் போடுங்கள். அந்த இணைப்பு முனையும் நம் காற்றில் பச்சை பூத்துவிடும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம்.

மண்டபத்து மாப்பிள்ளை

ஒரு கேள்வி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

கீழக்கரை வாசி

சாமான் அறை. அரிசி மூட்டை, பழைய பெட்டி, பாய். ஏன்?

மண்டபத்து மாப்பிள்ளை

அப்படியென்றால் சுவரில் கோடு எதற்கு? புள்ளி போதும்.

டி.வி.க்குப் பின்னால் நேராகச் சுவரைத் துளைத்துச் சாமான் அறைக்குப் போய்விடுங்கள். ஒன்றரை அடி கனம், அவ்வளவுதான். 50 மி.மீ. துளை ஒன்று சிக்னலுக்கு, அரை அடி தள்ளி 25 மி.மீ. துளை ஒன்று கரண்டுக்கு. இரண்டிலும் பி.வி.சி. பைப்பைச் சொருகிவிடுங்கள், உதிரும் காரை கேபிள்மேல் படாது. அந்தப் பக்கம் தங்கை வந்து பார்க்கப் போவதில்லை, கேசிங் பட்டியைத் தாராளமாக ஓட்டலாம். செட்டாப் பாக்ஸையும் அங்கேயே ஒரு பலகையில் வையுங்கள். அக்கா சொன்ன டிஷ் இணைப்பும் கை எட்டும் உயரத்தில் அங்கேயே இருக்கும்.

துளைக்கும்போது டிரில்லில் ஹாமரை, அதாவது அடித்துத் துளைப்பதை, அணைத்துவிட வேண்டும். சுற்று மட்டும். குழாய் மாதிரி வட்டமாக வெட்டும் கோர் பிட், மெதுவாக. சுண்ணாம்பு மெத்தென்று போகும், கல் வந்தால் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அடி அடியென்று அடித்தால் அந்தப் பக்கம் வெளியேறும் இடத்தில் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழும். கடைசி இரண்டு அங்குலத்தை முடிந்தால் அந்தப் பக்கத்திலிருந்தே துளையுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. பாக்ஸ் அந்த அறையில், நீங்கள் இந்த அறையில், ரிமோட் வேலை செய்யாது. ப்ளூடூத் ரிமோட் உள்ள பாக்ஸ் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. இல்லையென்றால் ஐ.ஆர். எக்ஸ்டெண்டர் என்று ஒரு சின்ன வயர் கிடைக்கும், அதன் கண்ணை டி.வி. ஓரத்தில் ஒட்டிவிடலாம்.

உச்சிப்புளி கொத்தனார் மகன்

அருமை. இதோடு இன்னொரு லாபம். 15 கிலோ டி.வி.யை இந்த உதிரும் சுவரில் ராவல் பிளக்கில் (திருகாணியைப் பிடிக்கத் துளையில் சொருகும் குப்பி) தொங்கவிட எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் கை போகும் என்பதால், பிராக்கெட்டின் நாலு துளைக்கும் மரை போட்ட ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுவர் முழுக்க ஊடுருவவிட்டு, சாமான் அறைப் பக்கம் ஒரு கெட்டிப் பட்டை வைத்து நட்டு போடுங்கள். சுவர் இழுபடாது, இரண்டு பக்கமும் நெரிக்கப்பட்டு நிற்கும். நட்டை அளவாக முறுக்குங்கள், முறுக்கிக்கொண்டே போனால் காரை நொறுங்கும்.

துபாய் ரிட்டர்ன்

சவுண்ட்பாரை டி.வி.யில் இ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய, டி.வி. சத்தத்தை வெளியே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. துளையில் மாட்டுங்கள், தனியாக ஆடியோ வயர் வேண்டாம். டி.வி.க்கு நேர் கீழே சவுண்ட்பாரை மாட்டினால் அரை மீட்டர் கேபிள் போதும், டி.வி.க்குப் பின்னாலேயே மறைந்துவிடும். அதற்கும் கரண்ட் வேண்டும், ஆகவே சாக்கெட் இரண்டாக வையுங்கள்.

தங்கச்சிமடத்து அக்கா

பைப்பின் இரண்டு வாயிலும் ஸ்பாஞ்ச் வைத்து அடையுங்கள். இல்லாவிட்டால் குளவி மண் கூடு கட்டிவிடும், பல்லி குடியேறும். அரிசி மூட்டை இருக்கும் அறை வேறு.

கீழக்கரை வாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது, காக்காவும் வந்தாயிற்று.

எலக்ட்ரீஷியனுக்கு முதலில் பிடிக்கவில்லை, "இதற்குக் காடியே வெட்டியிருக்கலாம்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய துளை பாதியில் ஒரு கல்லில் முட்டிச் சாய்ந்து, நினைத்த இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெளியே வந்தது. டி.வி.க்குப் பின்னால் என்பதால் தெரியவில்லை. பைப்பைச் சுற்றி அடைக்கச் சுண்ணாம்பு குழைத்தோம். பெரியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, கருப்பட்டித் தண்ணீர் ஊற்று, கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் ஊற்று என்று மேற்பார்வை. ஒரு கைப்பிடிக் கலவைக்கு அவ்வளவு ஏற்பாடு. காய்ந்தபின் நிறம் கொஞ்சம் மஞ்சளாகத்தான் நிற்கிறது.

கம்பி நாலும் ஊடுருவப் போட்டாயிற்று. காக்கா பிராக்கெட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. நேற்று முதல் மழை. சாமான் அறைக்கு ஓடிப் போய் டிஷ் கேபிளைக் கழற்றினேன், அக்காவை நினைத்துக்கொண்டேன். பாக்ஸ் ரிமோட்தான் ப்ளூடூத் இல்லை, எக்ஸ்டெண்டருக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவரை சானல் மாற்ற வேண்டும் என்றால் தங்கை சாமான் அறைக்குப் போகிறாள்.

பழைய வயர்மேன்

சந்தோஷம் தம்பி. சாமான் அறைப் பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று ஒரு போட்டோ போடுங்கள்.

கீழக்கரை வாசி

போடுகிறேன் அண்ணே. பட்டி போட்ட சுவரை மறைக்க வேண்டும் என்று உம்மா அரிசி மூட்டையை எல்லாம் அங்கேயே அடுக்கிவிட்டார். கேபிளைக் கழற்ற ஒரு கை நுழையும் சந்து மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன்.